காய்ச்சல் வரலைன்னா ஊசி வேலை செய்யலையா?

"எனக்கு ஊசி போட்டும் காய்ச்சலே வரலைங்க. அப்ப ஊசி பிடிக்கலையா?"

"எனக்கு ரெண்டு நாள் படுக்கை. இன்னொரு ஊசி வேணவே வேணாம்."

கொரோனா தடுப்பூசி பற்றிப் பேச்சு எடுத்தால் இந்த இரண்டில் ஒன்று கட்டாயம் காதில் விழும். நாகலூர், வெள்ளக்கடை, மஞ்சக்குட்டை என்று சேர்வராயன் மலையில் சிதறிக் கிடக்கும் ஊர்களில், எஸ்டேட் வேலைக்குப் போகிறவருக்கு இரண்டு நாள் படுக்கை என்றால் இரண்டு நாள் கூலி போச்சு. அதனால் இது சும்மா கேட்கிற கேள்வி இல்லை.

 18 வயது நிரம்பிய அனைவருக்கும் அரசு மையங்களில் முன்னெச்சரிக்கை டோஸ், அதாவது நாம் பூஸ்டர் என்று சொல்வது, 2022 ஜூலை 15 முதல் 75 நாட்களுக்கு இலவசமாக இருந்தது.  ஊசி போட்ட பிறகு உங்கள் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோமா?

அடிவாரம் செக்போஸ்ட் ஞாபகம் இருக்கிறதா?

2020 செப்டம்பரில் மாநிலத்துக்குள் பயணிக்க இ-பாஸ் தேவையில்லை என்று ஆன பிறகும், நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற மலைப்பகுதிகளுக்கு மட்டும் அது தொடர்ந்தது. செல்போனில் இ-பாஸைக் காட்டினால்தான் மேலே ஏற முடியும். நம் உடம்பிலும் அப்படி ஒரு காவல் இருக்கிறது. அதுதான் நோய் எதிர்ப்பு மண்டலம்.

புதிதாக ஒரு கிருமி வந்தால், காவலுக்கு அதன் முகம் தெரியாது. விசாரித்து அடையாளம் கண்டு ஆள் திரட்டப் பல நாட்கள் ஆகும். அதற்குள் கிருமி நுரையீரல் வரை போய்விடலாம். 2021 கோடையில் நாம் பார்த்த ஆக்சிஜன் தட்டுப்பாடும் மருத்துவமனை வாசலில் நின்ற ஆம்புலன்ஸ் வரிசையும் இந்த ஓட்டப் பந்தயத்தில் உடம்பு பின்தங்கியதன் விளைவுதான். தடுப்பூசி செய்வது ஒரே வேலை: திருடன் வருவதற்கு முன்பே அவனுடைய போட்டோவைச் செக்போஸ்ட்டில் கொடுத்துவிடுவது.

ஊசிக்குள் இருப்பது என்ன?

கொரோனா வைரஸின் மேல் முள் முள்ளாக இருக்கும் புரதத்துக்கு ஸ்பைக் என்று பெயர். அதை வைத்துத்தான் வைரஸ் நம் செல்லுக்குள் நுழைகிறது. காவல் முக்கியமாகப் பார்க்க வேண்டிய முகம் இதுதான்.

புனேயில் தயாரான கோவிஷீல்டில், சிம்பன்ஸியிடம் சளி உண்டாக்கும் ஒரு வைரஸை, பெருக முடியாதபடி மாற்றி வைத்திருந்தார்கள். அது ஸ்பைக் புரதம் செய்வதற்கான குறிப்பை மட்டும் சுமந்து வரும். நம் செல்கள் அந்தக் குறிப்பைப் படித்துக் கொஞ்ச காலம் ஸ்பைக் புரதத்தைச் செய்யும். அந்தக் குறிப்பு நம் மரபணுவோடு சேர்ந்துவிடுவதில்லை.

ஹைதராபாத்தில் தயாரான கோவாக்சினில் இருந்தது செயலிழக்க வைத்த கொரோனா வைரஸ். பல் பிடுங்கிய பாம்பு மாதிரி. உருவம் அதேதான், ஆனால் நோய் உண்டாக்க முடியாது.

கையிலிருந்து அக்குள் வரை

ஊசி இறங்குவது மேல் கைத் தசையில். அங்கே ரோந்து சுற்றும் செல்கள் ஸ்பைக்கைப் பிடித்து, அக்குளில் இருக்கும் நிணநீர்க் கணுவுக்குக் கொண்டு போகும். சிலருக்கு ஊசி போட்ட கைப்பக்கம் அக்குளில் சின்னதாக நெறி கட்டுவது இதனால்தான்.

அந்தக் கணுவில்தான் உண்மையான பயிற்சி நடக்கிறது. டி செல்களில் ஒரு வகை மற்ற செல்களுக்கு உத்தரவு கொடுக்கும். இன்னொரு வகை, வைரஸ் புகுந்துவிட்ட செல்களைத் தேடி அழிக்கும். பி செல்கள் ஆன்டிபாடி என்னும் எதிர்ப்புப் பொருளைச் செய்யும். ஆன்டிபாடி ஸ்பைக்கின் மேல் ஒட்டிக்கொண்டால் வைரஸால் செல்லுக்குள் நுழைய முடியாது. இந்த வேலை முடிய நாள் பிடிக்கும். அதனால்தான் இரண்டாவது டோஸ் போட்டு இரண்டு வாரம் கழித்தே முழுப் பாதுகாப்பு என்று சொல்கிறோம்.

வேலை முடிந்ததும் பெரும்பாலான செல்கள் கலைந்துவிடும். ஒரு சின்னக் கூட்டம் மட்டும் நினைவு செல்களாகத் தங்கிவிடும். திருடனின் போட்டோ இருப்பது இவர்களிடம்தான்.

காய்ச்சல் ஏன் சிலருக்கு மட்டும்?

ஊசி போட்ட முதல் ஓரிரு நாளில் வரும் காய்ச்சலும் உடம்பு வலியும் அந்த ரோந்து செல்கள் ஊதும் விசில். ஆன்டிபாடி தயாராவது அதற்குப் பிறகு, சத்தமில்லாமல். விசில் சத்தம் ஒருவருக்குப் பலமாக இருக்கும், இன்னொருவருக்குக் கேட்கவே கேட்காது. பொதுவாக இளவயதினருக்குக் காய்ச்சல் அதிகம், முதியவர்களுக்குக் குறைவு. கோவிஷீல்டில் முதல் டோஸுக்குத்தான் அதிகமாக வரும்.

ஆக, காய்ச்சல் வந்தாலும் ஊசி வேலை செய்கிறது, வராவிட்டாலும் செய்கிறது. காய்ச்சல் வந்து படுத்தவர்களும் பயப்பட வேண்டாம். ஊசியால் உங்களுக்குக் கொரோனா வரவில்லை. போதுமான ஓய்வு, தண்ணீர், மருத்துவர் சொன்னபடி பாராசிட்டமால் இருந்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. கோவிஷீல்டு போட்ட சிலருக்கு, மிக அரிதாக, ரத்தம் உறையும் பிரச்சினை வந்திருக்கிறது. ஊசி போட்ட சில வாரங்களுக்குள் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, விடாத கடும் தலைவலி, தீராத வயிற்று வலி, கால் வீக்கம் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி போட்ட தேதியையும் சொல்லுங்கள். ஊசி போட்டதும் அரை மணி நேரம் மையத்திலேயே உட்காரச் சொல்வது திடீர் ஒவ்வாமை வந்தால் கவனிக்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்துவிடாதீர்கள்.

ஊசி போட்டும் கொரோனா வருதே?

வரும். கையில் போட்ட ஊசி ரத்தத்தில் நிறைய ஆன்டிபாடியைத் தருகிறது. வைரஸ் நுழையும் மூக்கில் அவ்வளவு இருக்காது. மாதங்கள் போகப் போக ரத்தத்திலும் அது குறையும். போதாக்குறைக்கு, 2021 நவம்பரில் கண்டறியப்பட்ட ஒமைக்ரான் ஸ்பைக்கையே நிறைய மாற்றிக்கொண்டு வந்தது. மீசை வைத்து, தொப்பி போட்டு வந்த திருடன் மாதிரி. செக்போஸ்ட்டைத் தாண்டிவிடுகிறான்.

ஆனால் டி செல்கள் ஸ்பைக்கின் பல துண்டுகளை அடையாளம் வைத்திருப்பவை. மாறாத துண்டுகளை வைத்து அவனைப் பிடித்துவிடும். சளி, காய்ச்சலோடு நின்று, நுரையீரல் வரை நோய் போகாமல் தடுப்பது பெரும்பாலும் இந்த நினைவுதான்.

பூஸ்டர் செய்வது, பழைய போட்டோவை மறுபடி எடுத்துக் காட்டுவது. நினைவு செல்கள் உடனே விழித்து ஆன்டிபாடியை மீண்டும் உயர்த்தும். பயிற்சி நிதானமாக முதிர்ந்தால் பலன் கூடும் என்பதால்தான் டோஸ்களுக்கு நடுவில் இடைவெளி. 60 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை நோய், சிறுநீரக நோய், புற்றுநோய் உள்ளவர்களின் உடம்பில் இந்தப் பயிற்சி கொஞ்சம் மந்தமாக நடக்கும். பூஸ்டர் அவர்களுக்கு ரொம்பவே அவசியம்.

2022-ல் இருந்த நடைமுறை

• இரண்டாவது டோஸ் போட்டு 6 மாதம் அல்லது 26 வாரம் ஆகியிருந்தால் பூஸ்டர் போட முடிந்தது. முதலில் போட்ட அதே தடுப்பூசியைப் போட்டார்கள். கோவிஷீல்டோ கோவாக்சினோ போட்டவர்கள், மையத்தில் இருப்பு இருந்தால் கோர்பிவேக்ஸும் போட முடிந்தது.

• கொரோனா வந்து குணமானவர்கள் 3 மாதம் கழித்துப் போட வேண்டும் என்பது அப்போதைய விதி.

• ஒரே செல்போன் எண்ணில் குடும்பத்தில் 6 பேர் வரை கோவின் தளத்தில் பதிய முடிந்தது. போன் இல்லாத பெரியவர்கள் ஆதாரோடு நேரில் வந்தாலே போதுமாக இருந்தது.

• சான்றிதழுக்கு, பதிவு செய்த போனிலிருந்து 9013151515 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்கு 'கோவிட் சர்டிபிகேட்' என்று ஆங்கிலத்தில் அனுப்ப வேண்டியிருந்தது. ஓடிபி வந்தது. டிஜிலாக்கரிலும் எடுக்க முடிந்தது.

• சந்தேகம் இருந்தால் 104-க்கு அழையுங்கள்.

கடைசியாக ஒன்று. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த இந்த மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டியிருந்தது. ஏற்காட்டுக் குளிர் அதற்குப் போதாது, ஐஸ் பேக் வைத்த பெட்டியில்தான் கொண்டு வந்தார்கள். ஒரு கோவிஷீல்டு குப்பியில் 10 பேருக்கான மருந்து இருந்தது. திறந்தால் 4 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டியிருந்தது. அதனால்தான் தனியாகப் போகாமல், பக்கத்து வீட்டு அக்காவையும் எதிர்வீட்டுத் தாத்தாவையும் கூட்டிக்கொண்டு போவது நல்லதாக இருந்தது.