மலையுச்சிப் பூக்களும் ஒரு சிறு சீட்டும்

அக்கினி நட்சத்திர நாட்களில் மந்தைவெளியும் மயிலாப்பூரும் தகிக்கும்போது, உதகைக்கோ கோடைக்கானலுக்கோ புறப்படுவது சென்னைவாசிகளின் நெடுநாள் வழக்கம். அவ்வாறு மலையேறியவர்களுள், குளிர்ந்த காற்றோடு திருப்தியுறாமல், காலடியில் பூத்த ஒவ்வொரு செடியின் குலத்தையும் பெயரையும் அறிய விழைந்த ஒருவர், மந்தைவெளியிலிருந்து பறக்கும் ரயிலில் சில நிமிஷங்களில் எட்டக்கூடிய மாநிலக் கல்லூரியில் தாவர சாஸ்திரம் போதித்தவர் என்பது இப்பகுதியினர் பெருமிதத்தோடு நினைத்தற்குரிய செய்தி. பிலிப் பர்லி பைசன் என்னும் அவ்வாசிரியர் 1904இல் சென்னைக்கு வந்தார். நீலகிரி, பழனி மலையுச்சிகளின் தாவரங்களைப் பற்றிய தமது நூலின் முதலிரு பாகங்களை 1915இலும், மூன்றாம் பாகத்தை 1920இலும் வெளியிட்டார்.

6,500 அடிக்கு மேற்பட்ட பிரதேசத்தையே அவர் தமக்கு எல்லையாக வகுத்துக்கொண்டார். அந்த உயரத்தில் சமவெளியின் தாவரங்கள் பெரும்பாலும் பின்தங்கிவிட, பள்ளங்களில் சோலைக் காடுகளும் மேடுகளில் விரிந்த புல்வெளிகளும் மாறி மாறி வரும் வேறோர் உலகம் தோன்றுகிறது. அங்கே செந்நிறம் பூக்கும் காட்டுப்பூவரசுக்கு உறவு தேடினால் இமயமலைவரை செல்லவேண்டும். ஈரப் புல்வெளிகளில் வெண்பொத்தான் போன்ற பூந்தலைகளைத் தாங்கி நிற்கும் எரியோகாலன் இனங்களைப் பற்றிப் பைசன் தனி ஆராய்ச்சியே செய்தார். அவருக்கு முன்பே கோடைக்கானலில் தாவரங்களைச் சேகரித்து வந்த ஆல்பிரட் போர்ன் தம்பதியரின் உழைப்பும் அந்நூலில் கலந்துள்ளது. அதன் சித்திரங்களில் போர்னின் மனைவியார், பைசனின் மனைவியார் ஆகிய இருவரின் கைவண்ணத்தையும் காணலாம்.

செடிகளைச் சேகரித்து உலர்த்தும் இவ்வேலை பார்வைக்கு இனியது, செய்வதற்குக் கடினமானது. பறித்த செடியை, இலையின் மேற்புறமும் அடிப்புறமும் தெரியுமாறு காகிதங்களுக்கிடையே பரப்பிப் பலகையால் இறுக்கி, ஈரம் வற்றுமட்டும் காகிதத்தை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். மலையில் மழை பிடித்துக்கொண்டால் பூஞ்சணம் முந்திக்கொள்ளும். உலர்ந்த பின் பூவின் நிறம் போய்விடுமாதலால் அதைப் பறித்த அன்றே எழுதிவைக்கவேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது இடம், உயரம், தேதி, சேகரித்தவர் பெயர் ஆகியவற்றைத் தாங்கும் சிறு சீட்டு. அச்சீட்டு இல்லாத மாதிரி எவ்வளவு அழகாக உலர்ந்திருப்பினும் அது வெறும் சருகே என்பது என் துணிபு.

சீட்டின் அருமைக்குப் பூச்சிகளின் விஷயத்தில் சிறந்த உதாரணம் காரைக்காலையடுத்த குரும்பகரத்துப் பூச்சி சேகரிப்பாளர் சூசைநாதன். பகலில் வலையும், இரவில் வெண்துணியின்முன் ஏற்றிய விளக்குமே பூச்சி சேகரிப்போரின் பிரதான கருவிகள். சூசைநாதன் ஆனைமலையில் வால்பாறையை ஒட்டிய சின்கோனா, கோடைக்கானல், நீலகிரி முதலிய இடங்களில் திரட்டிய ஈக்களையும் குளவிகளையும் வண்டுகளையும் உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்களுக்கு அனுப்பினார். 1950களில் எழுதப்பட்ட "ஆனைமலை, சின்கோனா, 3,500 அடி, மே மாதம்" என்பன போன்ற அவருடைய சீட்டுகள் கனடாவிலும் அமெரிக்காவிலும் இன்றும் ஊசிகளில் குத்தப்பட்டிருக்கின்றன. அவர் அனுப்பிய பூச்சிகளுள் பல அறிவியலுக்குப் புதியவையாயிருந்தமையால், அவரது பெயர் பூச்சிகளின் லத்தீன் பெயர்களில் நிலைபெற்றது. தமிழ்ப் பாடநூல்களில் இவருக்கு ஒரு பக்கமாவது ஒதுக்கப்படவேண்டாமா?

கோடையில் மட்டும் மலையேறுவோருக்குத் தவறிவிடும் செல்வமும் உண்டு. தென்மேற்குப் பருவமழைக்குப் பிறகே மலரும் செடிகள் பல. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006க்குப் பின் 2018இலேயே மலைச்சரிவுகளை நிறைத்தது. ஆதலால் ஒரு மலையின் தாவரங்களை முற்ற அறிதல் ஒருவரின் விடுமுறைகளுக்குள் அடங்குவதன்று. திருச்சிராப்பள்ளியில் 1967இல் ராபினா ஹெர்பேரியம் என்னும் உலர்தாவரக் காப்பகத்தை நிறுவிய கே. எம். மாத்யூ பாதிரியார், பழனி மலைத் தாவரங்களைப் பற்றிய தமது பெருநூலை 1999இலேயே வெளியிட்டார். பைசன், மாத்யூ ஆகிய இருவரின் நூல்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் பழனி மலையின் புல்வெளிகளில் பெரும்பகுதியை வாட்டில், பைன், யூகலிப்டஸ் மரங்கள் கவர்ந்துகொண்டன. அம்மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்க முனைவோர், எந்தச் சரிவில் முன்பு எந்தப் புல் வளர்ந்தது என்று அறிய விரும்பினால், உலர்ந்த செடிகளைத் தாங்கிய தாள்களின் மூலையில் ஒட்டியிருக்கும் சீட்டுகளைத்தான் நாடவேண்டியிருக்கிறது.