வல்லூறின் இரணம்

ஒவ்வோர் உயிருக்கும் அதற்குரிய இரணத்தை இறைவன் விதித்திருக்கிறான் என்பது நமது நம்பிக்கை. அந்த இரணம் எவ்வழியே, எத்தனை கை மாறி வந்து சேருகிறது என்று என்றேனும் எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா?

மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், மேலூர் வட்டாரத்தில் அரிட்டாபட்டி என்னும் சிற்றூர் இருக்கிறது. அதன் கற்குன்றுகளில் ராஜாளிக் கழுகும், லகர் வல்லூறும், ஷாஹீன் வல்லூறும் வாழ்கின்றன. ஷாஹீன் என்பது நம் இல்லங்களில் பிள்ளைகளுக்குச் சூட்டும் பெயரே. பாரசீகத்தில் வல்லூறு என்று பொருள். சுற்றுவட்டக் கண்மாய்களில் கொக்கும் நாரையும் கூட்டங்கூட்டமாய் இறங்குகையில், வல்லூறுகளை மட்டும் விரல்விட்டு எண்ணலாம். ஏன் இத்தனை குறைவு? விடை குன்றின் உச்சியில் இல்லை. கீழே வயலில் இருக்கிறது.

வயலில் விழும் வெயிலில் நூற்றில் ஒரு பங்களவையே பயிர் தனக்குள் உணவாகப் பிடித்து வைக்கிறது. அதைத் தின்னும் வெட்டுக்கிளி, தின்றதில் பெரும்பகுதியைத் துள்ளுவதிலும் மூச்சு விடுவதிலும் செலவிட்டுவிடுகிறது. அது வெப்பமாய்க் காற்றில் கலந்து போகிறது. செரியாதது எச்சமாய் வெளியேறுகிறது. ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே அதன் உடலில் தங்குகிறது. ஆகவே பயிரில் 10,000 பங்கு சக்தி இருந்தால், வெட்டுக்கிளிகளிடம் 1,000. அவற்றைத் தின்னும் மைனாக்களிடம் 100. மைனாவை வானிலேயே அடித்து வீழ்த்தும் வல்லூறிடம் 10. வல்லூறையே உண்டு வாழும் இன்னொரு பறவை ஏன் இல்லை என்பதும் இப்போது விளங்கும். அதற்கு மிஞ்சுவது ஒரே ஒரு பங்குதான்!

இது ஒற்றைச் சங்கிலியன்று, வலை. எலியைப் பாம்பும் தின்னும், ஆந்தையும் தின்னும். தவளையைக் கொக்கும் கொத்தும், சாரைப்பாம்பும் விழுங்கும். ஓர் இழை அறுந்தால் மற்றோர் இழை தாங்கும். ஆனால் பல இழைகள் சேர்ந்து அறுந்தால் தாங்காது.

ஒன்பதாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த அல்ஜாஹிஸ், தமது 'கிதாபுல் ஹயவான்' என்னும் பெருநூலில், எளிய உயிரை வலிய உயிர் உண்பதையும், அதுவும் தன்னினும் வலியதற்கு இரையாவதையும் விவரித்துள்ளார். இன்றைய உயிரியல் முழுவதையும் அவரே சொல்லிவிட்டார் எனப் பெருமை பேசுவோர் உண்டு; அது அந்த அறிஞருக்கே நியாயம் செய்வதாகாது. எது எதை உண்கிறது என்பதை அவர் கண்டார். எவ்வளவு போய்ச் சேருகிறது என்னும் கணக்கோ பிற்காலத்தது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒரு சிறு ஏரியை ஆராய்ந்து அதற்கு அடித்தளமிட்டவர் ரேமண்ட் லிண்டமன். 1942-இல் அவரது கட்டுரை அச்சேறும் முன்பே, 26 வயதில் அவர் காலமானார்.

கண்மாயின் கரம்பை மண்ணை வயலுக்கு அடிப்பதை நம் பக்கத்தில் பார்த்திருப்பீர்கள். மட்கியது உரமாகி மீண்டும் பயிருக்குள் ஏறும். மண்ணின் சத்து இவ்வாறு சுற்றி வரும். சக்தி மட்டும் திரும்பி வாராது. நாள்தோறும் வெயிலிலிருந்து புதிதாகவே வரவேண்டும்.

சக்தி படிக்குப்படி குறைகையில் ஒன்று மட்டும் ஏறிக்கொண்டே போகும். அது நஞ்சு. டி.டி.டி. போன்ற மருந்து உடலில் எளிதில் சிதையாமல் கொழுப்பில் தங்கிவிடும். ஆயிரம் பூச்சிகளில் துளித்துளியாய் இருந்தது சில குருவிகளில் சேர்ந்து, இறுதியில் வல்லூறிடம் குவியும். ஷாஹீனின் இனத்தைச் சேர்ந்த வல்லூறுகள் பிரிட்டனில் இட்ட முட்டைகளின் ஓடு மெலிந்து, அடைகாக்கும்போதே நொறுங்குவதை 1967-இல் டெரெக் ராட்கிளிஃப் வெளிப்படுத்தினார். இந்தியாவில் விவசாயத்திற்கு டி.டி.டி. பயன்படுத்துவது 1989-இல் தடை செய்யப்பட்டது.

2022 நவம்பரில் அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலுமாகச் சுமார் 193 ஹெக்டேர் நிலம், தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், அத்தலத்தையும் உள்ளடக்கிய 2,015 ஹெக்டேர் பரப்பில் டங்ஸ்டன் சுரங்கம் அமைக்கும் உரிமை ஏலம் போனது. மக்கள் கொதித்தெழுந்தனர். பல்லுயிர்த் தலத்தை மட்டும் விலக்கி எல்லையை மாற்றி வகுக்கலாமா என மத்திய அரசு டிசம்பரில் ஆராயச் சொன்னது. கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் மேலே கண்ட கணக்கை நினைவிற் கொள்ளுங்கள். வல்லூறின் கூடு அந்த 193 ஹெக்டேருக்குள் இருக்கலாம். அதன் இரணமோ வெளியே வயலிலும் கண்மாயிலும் தரிசிலும் பரந்து கிடக்கிறது. கூட்டை விட்டுவைத்து உணவுக்களத்தைத் தோண்டினால் கூடும் காலியாகும்.

மேலூர்ப் பகுதி மக்கள் 2025 ஜனவரி 7 அன்று மதுரை நோக்கிப் பேரணியாய்ப் புறப்பட்டனர். அம்மாதம் 23 அன்று ஏலம் முழுவதும் ரத்து செய்யப்பட்டது.