மொத்த எடை சரி... அச்சு எடை சரியா?

பெரம்பலூர், அரியலூர் பகுதிகளில் மக்காச்சோள அறுவடை முடிந்ததும் நாமக்கல் பக்கத்துக் கோழித் தீவன ஆலைகளுக்கு லோடு கிளம்பும். பல விவசாயிகள் சேர்ந்து விற்கும்போது, மூட்டைக்கு வாடகை குறையும் என்று நீளமான டிரெய்லர் லாரியைப் பேசுகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் எடைச்சீட்டில் மொத்த எடை அளவுக்குள் இருந்தால் போதும் என்று வண்டியை அனுப்பிவிடுகிறோம். அது பாதிக் கணக்கு.

வண்டிக்கு மொத்த எடை வரம்பு இருப்பதுபோல ஒவ்வொரு அச்சுக்கும் தனி வரம்பு உண்டு. மத்திய அரசு 2018-ல் உயர்த்திய அளவின்படி, ஸ்டியரிங் உள்ள முன் அச்சுக்கு 7 டன். நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு 11.5 டன். டிரெய்லரின் பின்னால் நெருக்கமாக இருக்கும் இரட்டை அச்சுக்கு 21 டன், மூன்று அச்சுக்கு 27 டன்.

ஓர் அச்சு 11.5 டன் தாங்கினால் இரண்டு அச்சு 23 டன் தாங்காதா என்று கேட்கலாம். இடைவெளிதான் காரணம். 1.8 மீட்டருக்கும் குறைவான இடைவெளியில் இரண்டு அச்சுகள் நின்றால், இரண்டின் பாரமும் ரோட்டின் ஏறக்குறைய ஒரே இடத்தில் இறங்குகிறது. நம் ஊர் ஓடைப் பாலத்தில் அந்த வண்டி ஏறும்போது இதன் அர்த்தம் புரியும். அச்சு எடை இரண்டு மடங்கானால் ரோட்டுக்கு வரும் சேதம் சுமார் 16 மடங்காகும் என்பது சாலைப் பொறியியலில் பழைய கணக்கு.

ஓர் உதாரணம் பார்ப்போம். இரண்டு அச்சு இழுவை வண்டி, பின்னால் இரண்டு அச்சு டிரெய்லர். அனுமதி 39.5 டன். எடை மேடையில் 38 டன் காட்டுகிறது. ஒன்றரை டன் பாக்கி இருக்கிறதே என்று தோன்றும். பிரித்துப் பார்த்தால் முன் அச்சு 6.4, இழுக்கும் அச்சு 12.6, டிரெய்லர் அச்சுகள் 19 டன். நடு அச்சில் மட்டும் 1.1 டன் அதிகம்! மூட்டைகளை டிரெய்லரின் முன்பக்கம் நெருக்கி அடுக்கியதன் விளைவு இது.

இதற்கு மூட்டையை இறக்க வேண்டியதில்லை, நகர்த்தினால் போதும். டிரெய்லர் இழுவை வண்டி மீது உட்காரும் இடத்திலிருந்து பின் அச்சுகளின் நடுப்பகுதி வரை 8 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 50 கிலோ மூட்டை 60-ஐ (3 டன்) 4 மீட்டர் பின்னால் மாற்றினால், 3-ஐ 4-ஆல் பெருக்கி 8-ஆல் வகுக்க, ஒன்றரை டன் பாரம் பின் அச்சுகளுக்குப் போகும். அங்கே 20.5 டன் ஆகும், 21-க்குள்தான். குறையும் ஒன்றரை டன்னில் பெரும்பகுதி நடு அச்சிலிருந்து குறைவதால் அதுவும் வரம்புக்குள் வந்துவிடும். அதற்காக மொத்தத்தையும் பின்னுக்குத் தள்ளிவிடக் கூடாது. இழுக்கும் சக்கரங்களில் பிடிமானம் குறையும், டிரெய்லர் ஆட்டம் கொடுக்கும்.

அச்சு எடை பார்க்கத் தனிக் கருவி தேவையில்லை. சாதாரண எடை மேடையில் மூன்று முறை எடை எடுத்தால் போதும். முதலில் முன் சக்கரங்கள் மட்டும் மேடையில். அடுத்து இழுவை வண்டியின் இரண்டு அச்சும். கடைசியாக முழு வண்டி. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் நடு அச்சின் எடை. மூன்றாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் டிரெய்லர் அச்சுகளின் எடை. மேடையும் அதை ஒட்டிய தரையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். எடை எடுக்கும்போது பிரேக்கைப் பிடித்திருக்கக் கூடாது. இல்லையென்றால் கணக்கு தப்பும்.

மூட்டை எண்ணிக்கையை மட்டும் நம்பவும் வேண்டாம். 50 கிலோ என்று பிடித்த மூட்டை 52 கிலோ இருந்தால், 500 மூட்டைக்கு ஒரு டன் கூடிவிடும். சரியாகக் காயாத சோளத்தில் இது சாதாரணம். டீசல் டேங்க் நிரம்பியிருந்தால் அதுவே சில நூறு கிலோ.

இழுவை வண்டிக்கும் டிரெய்லருக்கும் தனித்தனி ஆர்.சி. உண்டு. பாரம் ஏற்றும் முன் இரண்டையும் வாங்கிப் பாருங்கள். 2018-க்கு முந்தைய வண்டியானால் பழைய, குறைந்த எடையே பதிவாகியிருக்கலாம். அதில் உள்ளதுதான் செல்லும். ஓட்டுநர் வாயால் சொல்வது செல்லாது.

பிடிபட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 194-வது பிரிவின்படி 20,000 ரூபாய் அபராதம். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். அதிகப்படியான பாரத்தை இறக்காமல் வண்டியை நகர்த்த விடமாட்டார்கள். இறக்கு கூலியும் தலையில்தான். எடை போட மறுத்தால் 40,000 ரூபாய். 'ஓட்டுபவர்' மட்டுமல்ல, 'ஓட்டச் செய்பவரும்' சட்டத்தின் வாசகத்தில் இருக்கிறார். லாரிக்காரர் பொறுப்பு என்று ஒதுங்கிவிட முடியாது. நடுவழியில் இறக்கிய மூட்டை மழையில் நனைந்தால் ஆலை ஈரப்பதம் பார்த்து விலையைக் குறைக்கும். அந்த நஷ்டத்துக்கு ரசீதுகூடக் கிடையாது.

ஒருமுறை எடை சரியாக அமைந்துவிட்டால், எந்த வரிசை வரை எத்தனை அடுக்கு என்பதை டிரெய்லரின் பக்கப் பலகையில் பெயின்டால் குறித்து வைக்கச் சொல்லுங்கள். அதே வண்டி, அதே எடை மூட்டை என்றால் அடுத்த லோடுக்கு சுமைதூக்கும் தொழிலாளர்கள் அந்தக் கோட்டைப் பார்த்தே அடுக்கிவிடுவார்கள்.