காடும் தோப்பும் ஒன்றா?

மரம் நடுவது நல்லது. நம் முதல் புத்தகத்திலேயே இதைப் படித்தோம். ஊர்ச் சுவர்களிலும் எழுதியிருக்கிறார்கள்.

ஒரு நாள் எங்கள் கற்போர் மையத்தில் 'மரம்' என்ற பாடம் நடந்தது. அப்போது ஒரு செய்தியைச் சொன்னேன். வட நாட்டில் ஓர் இடத்தில், அரசு நட்ட தேக்குக் கன்றுகளை மக்களே பிடுங்கிப் போட்டார்கள் என்றேன். ஒரு பெரியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நட்ட கன்றைப் பிடுங்கலாமா தம்பி? பாவம் இல்லையா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லவே இதை எழுதுகிறேன்.

சிங்பூம் காடு

நம் நாட்டின் கிழக்குப் பக்கம் ஜார்க்கண்ட் மாநிலம் இருக்கிறது. முன்பு அது பீகாரோடு சேர்ந்து இருந்தது. 2000-ஆம் ஆண்டு நவம்பர் 15-இல் தனி மாநிலம் ஆனது. அதன் தெற்குப் பகுதியின் பெயர் சிங்பூம். மலையும் காடும் நிறைந்த பகுதி. ஹோ, முண்டா முதலிய ஆதிவாசி மக்கள் அங்கே வாழ்கிறார்கள்.

அந்தக் காட்டில் அதிகம் இருப்பது சால் மரம். தமிழில் இதைக் குங்கிலிய மரம் என்றும் சொல்வார்கள். நாம் அந்த மரத்தைப் பார்த்திருக்க மாட்டோம். ஆனால் நாட்டு மருந்துக் கடையில் குங்கிலியம் என்று ஒரு பிசின் கிடைக்கிறதே, அதைத் தருவது இந்த மரம்.

வெட்டாமலே வரும் வரவு

சிங்பூம் மக்களுக்குச் சால் மரம் என்னவெல்லாம் தருகிறது?

அதன் இலைகளை மெல்லிய மூங்கில் குச்சியால் தைத்துச் சாப்பாட்டு இலையும் தொன்னையும் செய்கிறார்கள். சந்தையில் விற்கிறார்கள். சிறு குச்சியை ஒடித்துப் பல் துலக்குகிறார்கள். கோடை முடியும்போது விதை உதிர்கிறது. பெண்கள் கூடை கூடையாகப் பொறுக்குகிறார்கள். அந்த விதையிலிருந்து எண்ணெய் எடுக்கலாம். சோப்புச் செய்ய அது பயன்படுகிறது.

முதல் மழை பெய்ததும் சால் மரத்தடியில் மண்ணுக்குள் ஒரு காளான் வருகிறது. சிறிய உருண்டை போல இருக்கும். ருக்ரா என்பார்கள். மண்ணைக் கிளறி எடுத்துக் குழம்பு வைப்பார்கள். இந்தக் காளான் சால் மரத்தின் வேரோடு சேர்ந்து வாழ்வது. சால் போனால் காளானும் போய்விடும்.

பங்குனி, சித்திரையில் சால் பூக்கும். அப்போது சர்ஹுல் என்ற திருவிழா வரும். சால் பூ வைத்துத்தான் சாமி கும்பிடுவார்கள். ஊர் ஓரத்தில் பழைய சால் மரங்கள் நிற்கும் இடமே அவர்களுக்குக் கோயில்.

சால் மரம் தனியாகவும் நிற்பதில்லை. பக்கத்தில் இலுப்பை இருக்கும். அதன் பூவைத் தின்னலாம், விற்கலாம். பீடி இலை தரும் மரம் இருக்கும். நெல்லி இருக்கும். கீழே புல்லும் கிழங்கும் மூலிகையும் இருக்கும். ஒரு மாதம் பூ, ஒரு மாதம் விதை, ஒரு மாதம் கிழங்கு. மரத்தை வெட்டாமலே வரவு வந்துகொண்டிருக்கும். வயலில் விளைச்சல் பொய்த்த ஆண்டிலும் காட்டை நம்பி அடுப்பு எரியும்.

தேக்கு ஏன் வந்தது?

1970-களில் அரசு ஒரு திட்டம் போட்டது. சால் காட்டின் சில பகுதிகளை வெட்டிவிட்டு, அங்கே தேக்கு மட்டும் நட வேண்டும் என்பது திட்டம். தேக்கு மரத்துக்கு நல்ல விலை உண்டு. அரசுக்கு வருமானம் வரும் என்று நினைத்தார்கள்.

தேக்கை நாற்றங்காலில் வளர்த்து நடுவது எளிது. சால் அப்படி இல்லை. சால் விதை உதிர்ந்த சில நாட்களிலேயே முளைக்கும் சக்தியை இழந்துவிடும். முளைத்த கன்றும் உடனே உயரமாக வளராது. கோடையில் மேலே காய்ந்துபோகும். வேர் மட்டும் உயிரோடு இருக்கும். மழையில் மறுபடி துளிர்க்கும். பல ஆண்டுகள் இப்படியே போன பிறகுதான் மரமாக எழும்பும். ஆகவே, சால் காட்டை வெட்டுவது சுலபம். மறுபடி உண்டாக்குவது மிகவும் கடினம்.

தேக்கு கெட்ட மரமா? இல்லை. அதுவும் நம் நாட்டு மரம்தான். கேரளத்தில் நிலம்பூரில் 1840-களிலேயே தேக்குத் தோட்டம் போட்டார்கள். ஆனால் பலவகை மரம் இருந்த இடத்தில் ஒரே வகை மரம் வந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

தேக்கு இலையை ஆடு மாடு தின்பதில்லை. தின்னப் பழமும் இல்லை. குரங்கும் பறவையும் கரடியும் இரைக்கு எங்கே போகும்?

தேக்கு இலை மிகப் பெரியது. மழைநீர் இலையில் சேர்ந்து பெரிய துளியாக விழும். கீழே புல்லும் செடியும் இல்லாவிட்டால் அந்தத் துளி மண்ணைப் பெயர்க்கும். ஓடும் தண்ணீர் மேல்மண்ணைக் கொண்டுபோய்விடும்.

தேக்கு இலையைத் தின்னும் ஒரு புழு உண்டு. பலவகை மரம் உள்ள காட்டில் அது அங்கங்கே தின்னும். தேக்கு மட்டும் உள்ள தோட்டத்தில் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் பரவி, எல்லா மரத்தையும் மொட்டை அடித்துவிடும்.

தேக்கு முற்ற ஐம்பது, அறுபது ஆண்டுகள் ஆகும். பிறகு வெட்டி விற்பார்கள். அந்தப் பணமும் அரசுக்குப் போகும். இத்தனை ஆண்டுகள் அந்தக் காட்டு மக்கள் எதைப் பொறுக்குவார்கள்? எதை விற்பார்கள்?

மக்கள் எழுந்தார்கள்

1978-இல் சிங்பூம் மக்கள் தேக்குத் திட்டத்தை எதிர்த்தார்கள். தேக்குக் கன்றுகளைப் பிடுங்கினார்கள். நாற்றங்கால்களை அழித்தார்கள். பலரைக் காவல்துறை கைது செய்தது. 1980 செப்டம்பர் 8-இல் குவா என்ற ஊரில் காட்டு உரிமை கேட்டு மக்கள் கூடினார்கள். அங்கே மோதல் நடந்தது. துப்பாக்கிச் சூடும் நடந்தது. ஆதிவாசிகள் பலர் உயிர் இழந்தார்கள். காவலர்களும் இறந்தார்கள். இன்றும் ஆண்டுதோறும் அந்த நாளில் குவாவில் மக்கள் கூடி, இறந்தவர்களுக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள்.

இன்று ஜார்க்கண்டின் மாநில மரம் எது தெரியுமா? சால் மரம்தான்.

2006-இல் வன உரிமைச் சட்டம் வந்தது. தலைமுறை தலைமுறையாகக் காட்டை நம்பி வாழ்பவர்கள் விதை, இலை, தேன் போன்றவற்றைச் சேகரிக்கலாம், விற்கலாம் என்று அது சொல்கிறது. ஊர்க் காட்டைப் பாதுகாக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கும் கொடுத்திருக்கிறது.

கணக்கில் தெரியாதது

நம் நாட்டில் காடு எவ்வளவு என்று அரசு கணக்கு எடுக்கிறது. வானில் சுற்றும் செயற்கைக்கோள் எடுக்கும் படத்தை வைத்து எடுக்கிறார்கள். ஒரு ஹெக்டேர், அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்குக் குறையாத இடம் வேண்டும். அதில் பத்தில் ஒரு பங்காவது மர நிழல் வேண்டும். அப்படி இருந்தால் அது காட்டுக் கணக்கில் சேரும். என்ன மரம் என்று பார்ப்பதில்லை. பழைய சால் காடும் பச்சைதான். தேக்குத் தோட்டமும் பச்சைதான். காளான் போனதும் இலுப்பைப் பூ போனதும் அந்தப் படத்தில் தெரியாது. அங்கே வாழ்பவருக்குத்தான் தெரியும்.

அப்படியானால் தோப்பே வேண்டாமா? வேண்டும். தன் நிலத்தில் ஒருவர் சவுக்கோ தேக்கோ வைத்தால் அது ஒரு பயிர். நமக்கு மரச் சாமான் வேண்டும். காகிதம் வேண்டும். ஆனால் இருக்கிற காட்டை அழித்து அந்தப் பயிரை வைக்கக் கூடாது.

பெரியம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்போ முதல்ல பிடுங்கினது அந்த ஜனங்க இல்லையே தம்பி" என்றார்.

பேசிப் பார்ப்போம்

உங்கள் ஊரில் மரம் நட யாராவது வந்தால், கிராம சபையில் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

1. நடப்போகும் இடத்தில் இப்போது என்ன இருக்கிறது?
2. அந்த இடத்தில் மாடு மேய்ப்பவர் யார்? விறகும் கீரையும் எடுப்பவர் யார்?
3. என்ன மரம் நடுகிறார்கள்? ஒரே வகையா, பலவகையா?
4. வரும் வருமானம் யாருக்கு?