லாக் லீவன் தீவுக் கோட்டை

ஸ்காட்லாந்தின் கின்ராஸ் ஊரையொட்டிய ஏரி லாக் லீவன். அதற்குள் ஆள் குடியில்லாத ஒரு சிறு தீவும், தீவில் பாழடைந்த கோட்டையும் இருக்கின்றன. கோடைப் பருவத்தில் மட்டும் கின்ராஸ் துறையிலிருந்து சிறு படகு போய்வரும். சற்று நேரத்தில் தீவை எட்டிவிடலாம்.

படகைவிட்டு இறங்கினால் முதலில் புல்லும் மரங்களும்தான். ஸ்காட்லாந்து அரசி மேரி இங்கே சிறையிருந்த 16ஆம் நூற்றாண்டில் இந்த இடம் தண்ணீருக்கடியில் கிடந்தது. ஏரி ஏறக்குறைய மதிலடிவரை வந்து மோதியது. 1830ஐ ஒட்டிய ஆண்டுகளில் விளைநிலம் மீட்கவும், லீவன் ஆற்றங்கரை ஆலைகளுக்குச் சீராக நீர் விடவும் கால்வாய் வெட்டி மதகு வைத்தார்கள். ஏரியின் மட்டம் ஒரு மீட்டருக்கு மேல் இறங்க, தீவு அகன்றது. இன்றைய மரங்களை மறந்துவிட்டுப் பார்த்தால்தான் இங்கே ஏன் ஓர் அரசியைச் சிறைவைத்தார்கள் என்பது விளங்கும்.

கோட்டையில் முக்கியமானது 14ஆம் நூற்றாண்டுச் சதுரக் கோபுரம். அதன் பழைய வாசல் இரண்டாம் மாடியில் இருக்கிறது. எதிரி எளிதில் நுழைய முடியாது.

1567 ஜூனில் எதிர்க்கட்சிப் பிரபுக்களிடம் பிடிபட்ட மேரி, டக்ளஸ் குடும்பத்தின் இந்தக் கோட்டையில் அடைக்கப்பட்டார். இரட்டைக் கரு கலைந்து படுக்கையில் கிடந்தவரிடம் ஜூலை 24 அன்று முடிதுறப்புப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். ஒரு வயது மகன் ஜேம்ஸ் அரசனானான். ஒருமுறை துணி வெளுக்கும் பெண்ணைப்போல் முக்காடிட்டு அவர் படகேறியதாக அக்காலக் கடிதம் ஒன்று கூறுகிறது. வேலையே செய்தறியாத வெள்ளைக் கைகள் படகோட்டியிடம் காட்டிக்கொடுத்துவிட்டன. 1568 மே 2 அன்று, கோட்டையிலேயே வளர்ந்த வில்லி டக்ளஸ் என்ற பையன் சாவியைத் திருடினான். மேரியை வெளியேற்றி, கதவை வெளியே பூட்டி, சாவியை ஏரியில் வீசினான். காவலே கோட்டைக்குள் கைதியானது! ஆனால் 11 நாளில் லாங்சைடு போரில் மேரி தோற்றார். அடைக்கலம் தேடி இங்கிலாந்து போனவருக்கு அங்கேயும் சிறைதான்; 1587இல் தலை வெட்டப்பட்டது.

படகு ஓடாத குளிர் மாதங்களில் கோட்டையைக் கரையிலிருந்தே பார்க்கலாம். ஏரியைச் சுற்றிச் சுமார் 21 கி.மீ. நடைபாதை உண்டு. ஐஸ்லாந்திலிருந்து இளஞ்சிவப்புக்கால் வாத்துகள் ஆயிரக்கணக்கில் வந்து தங்கும் பருவமும் அதுவே.