பாலிப்ரோப்பிலீன்: ஒரு பக்கக் கிளையின் வரமும் சாபமும்

சிமென்ட் சாக்கும், குடலிறக்க அறுவையின்போது வயிற்றுச் சுவரில் வைத்துத் தைக்கும் வலையும் ஒரே பொருள் என்றால் சட்டென்று நம்ப முடியாது. ஹோட்டலில் பார்சல் சாம்பார் வரும் டப்பா, கல்யாண மண்டபத்து நாற்காலி, ஊசி போடும் சிரிஞ்சின் குழல், கார் பம்பர், பேட்டரியின் வெளிக்கூடு, சிப்ஸ் பாக்கெட், முகக்கவசத்தின் நடு அடுக்கு எல்லாம் பெரும்பாலும் அதே பொருள்தான். அதன் பெயர் பாலிப்ரோப்பிலீன். தொழிலில் இருப்பவர்கள் 'பிபி' என்று சுருக்கிவிடுவார்கள். பார்சல் டப்பாவைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் அம்புக்குறி முக்கோணமும் அதற்குள் 5 என்ற எண்ணும் இருந்தால் அது பிபி. உலகில் ஆண்டுக்கு 7 கோடி டன்னுக்கு மேல் தயாராகிறது. பிளாஸ்டிக் வகைகளில் பாலிஎத்திலீனுக்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

இவ்வளவு பெரிய பொருளை முதலில் கண்டவர்கள் இதைத் தேடிப் போகவில்லை. 1951இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், பார்ட்லஸ்வில் என்ற ஊரில், பிலிப்ஸ் பெட்ரோலியம் நிறுவனத்தில் பால் ஹோகன், ராபர்ட் பேங்க்ஸ் என்ற இரு வேதியியலாளர்கள் வேலை பார்த்தார்கள். எண்ணெய்ச் சுத்திகரிப்பில் கூடவே வந்து சேரும் ப்ரோப்பிலீன் வாயுவைப் பெட்ரோலாக மாற்ற முடியுமா என்பது அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. நிக்கல் ஆக்சைடு வினையூக்கியில் கொஞ்சம் குரோமியம் ஆக்சைடைச் சேர்த்துப் பார்த்தார்கள். குழாயின் மறுமுனையில் எதிர்பார்த்த திரவத்தோடு கெட்டியான வெள்ளைப் பொருள் ஒன்றும் வந்து சேர்ந்தது. இருவரும் பெட்ரோலை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொண்டார்கள். 1953 ஜனவரியில் காப்புரிமைக்கு விண்ணப்பம் போனது. வேறு பல நிறுவனங்களும் உரிமை கோர, வழக்கு நீண்டுகொண்டே போய், அமெரிக்கக் காப்புரிமை கைக்கு வந்தது 1983இல்! அதற்குள் பிபி உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

ஆனால் அந்த வெள்ளைப் பொருள் ஏன் கெட்டியாக இருக்கிறது என்று புரியவைத்தது இத்தாலிதான். ஜெர்மனியில் கார்ல் ஸீக்லர் 1953இல் டைட்டானியம், அலுமினியச் சேர்மங்களைக் கொண்டு புதிய வினையூக்கி ஒன்றைக் கண்டுபிடித்து எத்திலீனைப் பாலிஎத்திலீனாக்கினார். மிலான் பாலிடெக்னிக்கில் இருந்த ஜூலியோ நத்தா அதே வினையூக்கியில் ப்ரோப்பிலீனைச் செலுத்தினார். 1954 மார்ச் 11 அன்று பாலிப்ரோப்பிலீன் செய்துவிட்டதாகத் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். தன் வினையூக்கியை வைத்துக்கொண்டு நத்தா முந்திவிட்டார் என்ற மனத்தாங்கல் ஸீக்லருக்கு இருந்தது. 1963இல் வேதியியல் நோபல் பரிசை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள்.

நத்தா குழுவுக்குக் கிடைத்தது பிசுபிசுப்பான ஒரு கலவை. அதை ஈதர், ஹெப்டேன் போன்ற கரைப்பான்களில் வைத்துக் கொதிக்கவிட்டார்கள். பிசின் போன்ற பகுதி கரைந்து போய்விட்டது. அவற்றில் எதிலும் கரையாத வெள்ளைப் பொடி எஞ்சியது. எக்ஸ்ரே கதிரில் வைத்துப் பார்த்தால் அது படிகம். பிசினுக்கும் பொடிக்கும் வேதியியல் வாய்ப்பாடு ஒன்றே. அணுக்களின் விகிதத்திலும் வித்தியாசம் இல்லை. எனில், ஒன்று பிசினாகவும் மற்றொன்று பொடியாகவும் இருப்பது எதனால்?

ப்ரோப்பிலீன் மூலக்கூறுகள் கைகோத்து நீளமான சங்கிலியாகும்போது, ஒன்றுவிட்டு ஒரு கார்பனில் மீத்தைல் என்ற சிறு கிளை பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கும். எல்லாக் கிளையும் ஒரே பக்கம் பார்த்து நின்றால், சங்கிலி ஒரே மாதிரிச் சுருளாக முறுக்கிக்கொள்ளும். மூன்று அலகுக்கு ஒரு சுற்று. அப்படிப்பட்ட சுருள்கள் அடுக்கி வைத்த செங்கல்போல இடைவெளியின்றிப் பொருந்திப் படிகமாகின்றன. கிளைகள் இஷ்டத்துக்கு இங்கும் அங்கும் நீட்டிக்கொண்டிருந்தால் அடுக்க வராது, பிசினாகத் தேங்கிவிடும். முதல் வகைக்கு ஐசோடாக்டிக் என்று பெயர் வைத்தவர் நத்தாவின் மனைவி ரோசிதா. கிளையே இல்லாத பாலிஎத்திலீன் 130 டிகிரி செல்சியஸ் சுற்றுவட்டத்தில் உருகிவிடும். ஐசோடாக்டிக் பிபி 160 டிகிரிக்கு மேல்தான் உருகும். மருத்துவமனையில் 121 டிகிரி நீராவியில் கிருமிநீக்கம் செய்தாலும் அது நெளிந்துவிடாமல் தாக்குப்பிடிப்பதற்கு இதுதான் காரணம்.

தொடக்க காலத்து ஆலைகளில் பிசினைப் பிரித்தெடுக்கவும் வினையூக்கியின் மிச்சத்தைக் கழுவவும் கணிசமான செலவு ஆயிற்று. மெக்னீசியம் குளோரைடின் மேல் டைட்டானியத்தைப் பொதித்த வினையூக்கிகள் வந்தபின் அந்தத் தொல்லை தீர்ந்தது. மிகக் குறைந்த வினையூக்கியிலேயே அவ்வளவு பிளாஸ்டிக் விளைந்ததால், மிச்சத்தைக் கழுவாமல் அப்படியே விட்டுவிடலாம். பிபி இன்று மலிவாகக் கிடைப்பதற்கு நோபல் பரிசு பெற்ற கண்டுபிடிப்பைவிட இந்தப் பிந்தைய வேலையே அதிகக் காரணம் என்பது என் எண்ணம். அதைச் செய்தவர்களின் பெயர்கள் பாடப்புத்தகத்தில் இல்லை.

பிபி தண்ணீரைவிட எடை குறைவு. ஒரு கன செ.மீ. சுமார் 0.9 கிராம். அமிலமும் காரமும் அதைச் சுலபத்தில் தொடாது. பேட்டரிக் கூட்டுக்கு அதனால்தான் உகந்தது. அதன் விசேஷத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஷாம்பூ பாட்டிலின் மூடியைக் கையில் எடுங்கள். மூடிக்கும் கழுத்துக்கும் நடுவே காகிதம்போல மெல்லிய ஒரு பட்டை இருக்கிறது. தனியாகக் கீல் எதுவும் இல்லை. எல்லாம் ஒரே வார்ப்பு. அச்சிலிருந்து சூடு ஆறுவதற்குள் ஒருமுறை மடக்கிவிட்டால், அந்த மெல்லிய இடத்தில் சங்கிலிகள் மடிப்புக்குக் குறுக்கே வரிசையாகப் படுத்துவிடும். அதன்பின் ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடினாலும் அறுவதில்லை. இதே வேலையைப் பாலிஸ்டைரீனில் செய்து பாருங்கள். இரண்டாவது மடிப்பிலேயே ஒடிந்துவிடும்.

சங்கிலிகளை இழுத்து வரிசைப்படுத்தினால் வலு கூடும் என்பதுதான் சாக்கின் ரகசியமும். முதலில் மெல்லிய படலமாக ஓட்டி, நாடா நாடாவாகக் கிழித்து, சூட்டில் பல மடங்கு இழுத்து, வட்டத் தறியில் நெய்கிறார்கள். படலத்தை நீளவாக்கில் ஒருமுறை, அகலவாக்கில் ஒருமுறை இழுத்தால் கண்ணாடிபோலத் தெளிவான தாள் கிடைக்கும்; பிஸ்கட் பாக்கெட்டும் ஒட்டும் டேப்பும் அதில்தான். 1988இல் ஆஸ்திரேலியா அச்சிட்ட பிளாஸ்டிக் நோட்டும், சுதந்திரப் பொன்விழாவுக்காக 1998இல் இலங்கை வெளியிட்ட 200 ரூபாய் பிளாஸ்டிக் நோட்டும் அந்தத் தாளில் அச்சானவையே. இந்தியாவில் 1987ஆம் ஆண்டின் சணல் சாக்குச் சட்டம் உணவு தானியத்தைச் சணல் பைகளுக்கு ஒதுக்கி வைத்தது. பிபி சாக்கு எவ்வளவு வேகமாகச் சந்தையைப் பிடித்தது என்பதற்கு அந்தச் சட்டமே சாட்சி.

பிபியை வாங்கும் ஆலைக்காரர் முதலில் கேட்பது உருகு ஓட்ட எண்ணை. 230 டிகிரியில் உருக்கி, 2.16 கிலோ எடையால் அழுத்தி, சிறு துளை வழியாக 10 நிமிடத்தில் எத்தனை கிராம் வெளிவருகிறது என்று அளப்பார்கள். சாக்கு நாடாவுக்கு அது 3 அளவில் இருக்கும். வாளி, டப்பா வார்க்க 10, 12 என்று போகும். முகக்கவசத்தின் நடு அடுக்குக்கு ஆயிரத்தைத் தாண்ட வேண்டும். உருகினால் ஏறத்தாழத் தண்ணீர்போல ஓட வேண்டும். அதைத் துளைகள் வழியாகப் பீய்ச்சி, சூடான காற்றை வேகமாக அடித்தால் ஒன்றிரண்டு மைக்ரான் தடிமனுள்ள இழைகளாகச் சிதறி விழும். இந்த முறை 1950களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. வானத்தின் உயரடுக்கில் மிதக்கும் அணுகுண்டுச் சோதனைத் துகள்களைப் பிடிக்க நுண்ணிழை வடிகட்டி தேவைப்பட்டது. அங்கே வான் வென்ட் என்ற ஆய்வாளர் இதை உருவாக்கினார். பிற்பாடு அந்த இழைகளில் நிலைமின்னூட்டமும் ஏற்றினார்கள். இழைகளின் இடைவெளியைவிடச் சிறிய தூசியையும் அந்த மின்னூட்டம் ஈர்த்துப் பிடித்துக்கொள்ளும். கொரோனா காலத்தில் என்95 கவசத்தைச் சோப்பு போட்டுத் துவைத்தவர்களும் சானிடைசர் தெளித்தவர்களும் உண்டு. இழை அப்படியே இருந்தாலும் மின்னூட்டம் போய்விடும் என்பதை அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

சரி, சாபம் எங்கே? அதே கிளைதான். மீத்தைல் ஒட்டியிருக்கும் கார்பனில் ஒரு ஹைட்ரஜன் இருக்கிறது. சங்கிலியில் உள்ள மற்ற ஹைட்ரஜன்களைவிட அதன் பிடி தளர்வு. வெயிலின் புறஊதாக் கதிரும் காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்து முதலில் அதைத்தான் பிடுங்கும். பிடுங்கிய இடத்தில் ஆக்சிஜன் ஏறி உட்கார்ந்து, சற்று நேரத்தில் சங்கிலியையே இரண்டாக அறுத்துவிடும். மொட்டை மாடியில் வருடக்கணக்கில் கிடந்த நாற்காலியின் கையில் விரலை வைத்துத் தேய்த்தால் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் தூள் ஒட்டும். உட்கார்ந்தால் கால் பிளக்கும். மேல்தோல் சங்கிலிகள் அறுந்து உதிர்வதால் வருவது அது. இதைத் தடுக்கவே உற்பத்தியின்போது ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களையும் ஒளி நிலைப்படுத்திகளையும் கலக்கிறார்கள். விலை குறைந்த நாற்காலியில் முதலில் கை வைக்கப்படுவது இந்தச் சேர்மானத்தில்தான். வாங்குபவருக்கு அது வெளியில் தெரியாது. இரண்டு கோடை கழிந்தால் தெரிந்துவிடும்.

குளிரும் பிபிக்கு ஆகாது. பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டி அதன் வளையும் தன்மை போய், ஃப்ரீசரிலிருந்து எடுத்த டப்பா தரையில் விழுந்தால் விரிசல் விடும். ஐஸ்கிரீம் டப்பாவுக்கும் கார் பம்பருக்கும் எத்திலீன் சேர்த்து, உள்ளுக்குள் ரப்பர்த் துளிகள் இருக்கும்படி செய்கிறார்கள். பால் நிறம் கலந்த மங்கலான டப்பாவாக இருந்தால் அது இந்த வகை என்று ஊகிக்கலாம்.

மறுசுழற்சியிலும் அந்தத் தளர்வான ஹைட்ரஜன் விடுவதில்லை. ஒவ்வொரு முறை உருக்கும்போதும் சில சங்கிலிகள் அறும்; உருகு ஓட்ட எண் ஏறும்; வலு இறங்கும். வெள்ளை டப்பாவாக வந்தது கறுப்பு வாளியாகவும் நாற்றுத் தொட்டியாகவும் போய்ச்சேருவது இதனால்தான். பல பிளாஸ்டிக் கலந்து வருவது அடுத்த சிக்கல். பேட்டரிக் கூடு மட்டும் அதற்கு விதிவிலக்கு. உடைத்துத் தண்ணீரில் போட்டால் ஈயம் மூழ்கும், பிபி மிதக்கும், பிரிப்பது சுலபம். வீட்டுக் குப்பையில் அது நடக்காது. பாலிஎத்திலீனும் சேர்ந்து மிதக்கும். இரண்டையும் ஒன்றாக உருக்கினால் ஒட்டாமல் நொறுங்கும். 2017இல் அமெரிக்காவின் கார்னெல், மினசோட்டா பல்கலைக்கழகங்களில் ஜெஃப்ரி கோட்ஸ், ஃபிராங்க் பேட்ஸ் குழுவினர் இதற்கு ஒரு வழி காட்டினார்கள். இரு பிளாஸ்டிக்கின் துண்டுகளையும் மாறி மாறிக் கோத்த ஒரு சங்கிலியைச் செய்தார்கள். கலவையில் அதை நூற்றுக்கு ஒரு பங்கு சேர்த்தாலே இரண்டும் உறுதியாக ஒட்டிக்கொண்டன. இது நம் ஊர்ப் பழைய பிளாஸ்டிக் கடைக்கு வந்து சேரும் விலையில் கிடைத்தால் பிபி ஆராய்ச்சியில் அதைவிட உபயோகமான கண்டுபிடிப்பு இருக்காது.

டப்ளினில் உள்ள டிரினிட்டி கல்லூரியின் ஆய்வு 2020இல் வெளிவந்தது. பிபி பால் பாட்டிலில் வெந்நீர் ஊற்றிக் குலுக்கிக் குழந்தைக்குப் பவுடர் பால் கலக்கும்போது லிட்டருக்கு 1.6 கோடி வரை நுண்பிளாஸ்டிக் துகள்கள் உதிர்வதை அது கணக்கிட்டது. தண்ணீரின் சூட்டை மாற்றி மாற்றிச் செய்த தனிச் சோதனையில், 25 டிகிரியில் லிட்டருக்கு 6 லட்சமாக இருந்தது 95 டிகிரியில் 5.5 கோடியானது. அந்தத் துகள்கள் குழந்தையின் உடலில் என்ன செய்கின்றன என்பதற்கு இன்னும் முடிவான விடை இல்லை. ஆனால் துகள்களைக் குறைப்பது சுலபம். எவர்சில்வர் பாத்திரத்திலோ கண்ணாடியிலோ பாலைக் கலக்கி, ஆறவைத்து, பிறகு பாட்டிலில் ஊற்றினால் போதும்.

கடைகளில் 'துணிப்பை' என்று சொல்லித் தரும் கலர் கலரான மெல்லிய பைகளில் பெரும்பாலானவை பருத்தி அல்ல, நெய்யாத பிபி. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் நடப்புக்கு வந்த பிளாஸ்டிக் தடைப் பட்டியலில் அதுவும் இடம்பெற்றது. சந்தேகமாக இருந்தால் ஓரத்தில் ஒரு நூலைப் பிரித்துப் பாருங்கள். பருத்தித் துணி என்றால் நெய்த நூல் நீளமாக உருவி வரும். பிபி என்றால் பஞ்சுபோலச் சிறு இழைகள்தான் பிய்ந்து வரும். அப்படிப் பிய்ந்தால் அந்தப் பையைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சூடான சாம்பார் வாங்கக் கடைக்குக் கிளம்பும்போது வீட்டிலுள்ள தூக்குவாளியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.