இ.ஜி.ஆரை அடைக்கும் முன் யோசிப்போம்

நம் பகுதியில் பல குடும்பங்களின் வருமானம் ஒரு டீசல் வண்டியை நம்பி இருக்கிறது. லோடு வண்டி, டிராவல்ஸ் வேன், பள்ளி வேன் என எதை ஓட்டினாலும், சில ஆண்டுகளில் பிக்கப் குறையும், கரும்புகை வரும், இன்ஜின் லைட் எரியும். ஒர்க்‌ஷாப்பில் காட்டினால், "இ.ஜி.ஆரை அடைத்துவிடலாம், இனி தொந்தரவு இருக்காது" என்று சொல்வதுண்டு. செலவு குறைவு என்பதால் நம்மில் பலர் உடனே சம்மதித்துவிடுகிறோம். அந்தப் பாகம் எதற்காக இருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம்.

அதன் வேலை என்ன?

இன்ஜினுக்குள் டீசல் எரியும்போது வெப்பம் மிக அதிகமானால், காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயு உண்டாகிறது. இதைக் குறைக்க, வெளியேறும் புகையில் ஒரு பங்கைத் திருப்பி, உள்ளே போகும் காற்றோடு கலக்கிறார்கள். எரிந்து முடிந்த புகையில் ஆக்சிஜன் குறைவு. அதனால் எரியும் வெப்பம் தணிகிறது, நச்சு வாயுவும் குறைகிறது. எவ்வளவு புகை திரும்ப வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துவதுதான் இ.ஜி.ஆர். வால்வு.

அந்தப் புகையிலுள்ள கரி, ஆயில் ஆவியோடு சேர்ந்து வால்விலும் மேனிஃபோல்டிலும் பிசுபிசுவெனப் படிகிறது. வால்வு திறந்தபடியே ஒட்டிக்கொண்டால் இன்ஜினுக்குப் போதிய காற்று கிடைக்காது. இழுவை குறைந்து கரும்புகை வரும். ஒரு தகட்டை வைத்து வழியை அடைத்தால் கரி படிவது குறையும், வண்டியும் இழுக்கும். மெக்கானிக் சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை உண்டு.

அடைத்தால் என்ன ஆகும்?

கரும்புகை நின்றதும் வண்டி சரியாகிவிட்டது என்று நினைக்கிறோம். ஆனால் கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்சைடு கூடிவிடுகிறது. இது மூச்சுக்குழாயைப் புண்படுத்தும். வீசிங், ஆஸ்துமா உள்ளவர்களுக்குத் தொல்லையை அதிகமாக்கும். பள்ளிக்கூட வாசலில் இன்ஜினை அணைக்காமல் நிற்கும் வேனைச் சுற்றி நிற்பது நம் பிள்ளைகள்தான்.

"புகைச் சான்றிதழ் கிடைத்துவிட்டதே" என்று சமாதானம் அடையவும் முடியாது. டீசல் வண்டிக்கு அந்தச் சோதனையில் புகையின் அடர்த்தியைத்தான் அளக்கிறார்கள். நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதில்லை.

2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 விதி, டீசல் கார்களுக்கான நைட்ரஜன் ஆக்சைடு வரம்பை கிலோமீட்டருக்கு 0.25 கிராமிலிருந்து 0.08 கிராமாகக் குறைத்தது. இந்த வண்டிகளில் வழியை அடைத்தால் வண்டியின் கணினியே கண்டுபிடித்து இன்ஜின் லைட்டை எரியவிடும், இழுவையைக் குறைக்கவும் கூடும். பிறகு அந்த மென்பொருளை மாற்ற இன்னொரு செலவு. வாரண்டியும் கைவிட்டுப் போகலாம்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி, காற்று மாசு விதியை மீறும் வண்டியை ஓட்டினால் முதல் முறை 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். 3 மாதம் லைசென்ஸும் இல்லாமல் போகும். ஓட்டிப் பிழைக்கும் குடும்பத்துக்கு 3 மாதம் என்பது சின்ன விஷயமல்ல.

என்ன செய்யலாம்?

1. முதலில் ஸ்கேன் செய்து பழுது எது என்று உறுதி செய்யச் சொல்லுங்கள். அடைபட்ட ஏர் ஃபில்டர், பழுதான இன்ஜெக்டர், பழுதான டர்போ இவையும் கரும்புகைக்குக் காரணமாகலாம்.

2. வால்வையும் மேனிஃபோல்டையும் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பல வண்டிகளுக்கு இதுவே போதும். வால்வு கெட்டிருந்தால் மாற்றுங்கள்.

3. கம்பெனி சொன்ன தரத்தில் ஆயில் ஊற்றி, காலம் தவறாமல் மாற்றுங்கள்.

4. நின்ற இடத்தில் இன்ஜினை ஓடவிடாதீர்கள். ஊருக்குள்ளேயே ஓடும் வண்டியை அவ்வப்போது நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓட்டுங்கள். கரி படிவது குறையும்.

5. பழைய வண்டி வாங்கும்போது சாவியைத் திருப்பிப் பாருங்கள். இன்ஜின் லைட் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ கை வைத்திருக்கலாம். நம்பிக்கையான மெக்கானிக்கிடம் காட்டிய பிறகே முன்பணம் கொடுங்கள்.

ஏற்கெனவே அடைத்து ஓட்டுபவர்கள், அடுத்த சர்வீஸிலேயே தகட்டை எடுத்துவிட்டு, வால்வைச் சுத்தம் செய்து பொருத்தச் சொல்லுங்கள். பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன் என்றால், சர்வீஸ் தேதி வரை காத்திருக்க வேண்டாம்.